விடுபட்ட வீடு
(வெள்ள நிவாரணத்தைக் குறித்து ஒரு வேதபாடம்)

வாசிக்க: அப்போஸ்தலர் 6:1-6, 11:27-30, லூக்கா 10:30-37, 2 கொரிந்தியர் 8



சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகை மழையில், சபையார் சேர்ந்து நூறு பொட்டலம் கட்டிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போனோம். அரிசி, பருப்பு, ஒரு பெட்ஷீட், மெழுகுவர்த்தி. மெயின் ரோட்டுப் பக்கம் ஒருவர் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துப் பெயர் வாசித்தோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்தது. ஸ்தோத்திரம் சொல்லி வண்டியில் ஏறும்போது ஒரு வயதான அம்மா வந்து நின்றார்கள். "ஐயா, நாங்க ஏரிக்கரை மேல இருக்கிறோம். எங்க பேரு எந்த லிஸ்ட்லயும் வராதுங்களே" என்றார்கள். அவர்கள் இருளர் ஜனம். கரையின் மேல் ஆறு குடிசை; ஆறும் விழுந்து கிடந்தது. எங்கள் கையிலோ ஒரு பொட்டலமும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு வீட்டுக்குக் கொடுத்தோம் என்ற சந்தோஷம் போய், விடுபட்ட ஆறு வீடுதான் கண்முன் நின்றது. அந்த பாரத்தோடுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1. எச்சரிப்பைக் கேட்ட சபை

அகபு என்பவர் பெரிய பஞ்சம் வரப்போகிறது என்று முன்னறிவித்தபோது அந்தியோகியா சபை என்ன செய்தது? பஞ்சம் வரட்டும், பார்க்கலாம் என்று இருக்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகச் சேர்த்து, யூதேயாவில் இருந்தவர்களுக்கு அனுப்பினார்கள்.

நமக்கும் எச்சரிப்பு வருகிறது. வானிலை நிலையம் சொல்லுகிறது. தாலுகா ஆபீஸும் அறிவிக்கிறது. கே.ஜி.கண்டிகையில் இருக்கிற நாம் மழைக்காக ஏங்குகிற ஜனம். ஆனால் ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால், அந்தத் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் பள்ளிப்பட்டுப் பக்கமாக இறங்குகிறது. 2021 நவம்பரில் அங்கே தரைப்பாலங்கள் மூழ்கி, கிராமங்கள் துண்டுபட்டு நின்றதை நாம் கண்டோம். அதே ஆறு பூண்டி ஏரிக்குப் போய், பிறகு எண்ணூரில் கடலில் சேருகிறது. மேலே நமக்கு ஒரு நாள் மழை. கீழே இருக்கிறவர்களுக்கு மறுநாள் வெள்ளம்.

ஆகையால் ஐப்பசி பிறக்கும் முன்பே சபையில் ஆயத்தம் வேண்டும். ஏரிக்கரையில் யார், ஓடைப் புறம்போக்கில் யார், தனியாக இருக்கும் முதியவர் யார், நிறைமாத கர்ப்பிணி யார் என்று வெயில் காயும்போதே நடந்து போய் எழுதி வைக்க வேண்டும். மழையில் எழுதுகிற பட்டியலில் மெயின் ரோடு மட்டுமே இருக்கும்.

2. பட்டியல் யார் கையில்?

அப்போஸ்தலர் 6ஐ கவனியுங்கள். ஆதிச் சபை ஆவியினால் நிறைந்த சபை. அங்கேயும் அன்றாடப் பந்தியில் விதவைகள் சிலர் விடுபட்டார்கள். யார் அவர்கள்? கிரேக்க பாஷை பேசுகிற விதவைகள். பகைத்துத் தள்ளினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. கவனிக்கப்படாமல் போனார்கள், அவ்வளவுதான். பாஷை வேறு, பழக்கம் வேறு. பரிமாறுகிறவர்களின் கண்ணில் அவர்கள் படவில்லை.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுக்கிறவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. இந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள்! விடுபட்ட பக்கத்தாரின் கையிலேயே பந்தி விசாரணை போயிற்று என்று தெரிகிறது. இதுதான் இந்தப் பாடத்தின் இருதயம், பிரியமானவர்களே. விடுபட்டவனுக்கு ஒரு பொட்டலம் கூடுதலாகக் கொடுப்பது பெரிதல்ல. பட்டியலையே அவன் கையில் கொடுப்பதுதான் பெரிது.

நம்முடையது எல்லைச் சீமை. ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் தெலுங்கு. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் பிழைக்க வந்தவர்கள் வேறு. ஊர், காலனி என்று பிரிந்து கிடக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் நிவாரணத்தில் பின்தள்ளப்பட்டதாக எத்தனையோ பேர் எழுதினார்கள். சர்க்கார் உதவியிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2015 வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாயும், நிலையான வீட்டில் தண்ணீர் புகுந்தவர்களுக்கு 5,000 ரூபாயும் கொடுத்தார்கள். 2023 மிக்ஜாம் புயலுக்கு ரேஷன் கடை மூலமாக 6,000 ரூபாய் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அட்டை இல்லாதவனுக்கும், அட்டை வெள்ளத்தோடு போனவனுக்கும் அலைச்சல்தானே? அவனோடு தாலுகா ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் கொடுப்பதும் ஊழியம்தான். ஒரு மூட்டை அரிசியைவிட சில நேரம் அது மேலானது.

3. கணக்குக் காட்டுகிற கை

பவுல் நிவாரணப் பணத்தைத் தனியாகச் சுமந்து போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட ஒருவரைக் கூட அனுப்பினார்; யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று கவனமாயிருந்தார் (2 கொரிந்தியர் 8:19-21). நம்மிலும் வசூலித்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று சபைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். பாஸ்டர் வீட்டு அலமாரியில் இருக்கிற நோட்டு போதாது.

கொடுக்கிற பொருளிலும் கணக்கு உண்டு. சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் கிழிந்த பழைய துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நாம் உடுத்த வெட்கப்படுகிறதை அடுத்தவனுக்கு அனுப்பலாமா? என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். தண்ணீர் வடியாத நாளில் சமைத்த சாப்பாடும் சுத்தமான குடிதண்ணீரும் முக்கியம். வடிந்த பிறகு பாய், பாத்திரம், துடைப்பம், மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், பெண்களுக்கு நாப்கின் வேண்டும். வெள்ளத்துக்குப் பின்னால் வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் வரும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். காய்ச்சல் வந்தால் ஜெபியுங்கள்; ஆஸ்பத்திரிக்கும் உடனே கூட்டிப்போங்கள்.

4. நிபந்தனை இல்லாத உதவி

நல்ல சமாரியன் காயப்பட்டவனுடைய குலத்தையோ மார்க்கத்தையோ விசாரிக்கவில்லை. எண்ணெய் வார்த்துக் காயம் கட்டினான். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். ஒரு நாள் உதவியோடு அவன் நிற்கவில்லை.

2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஊரார் தாங்களே வெள்ளத்தில் சிக்கியிருந்தும், இருக்கிற அரிசியைப் போட்டு, ஊர்க்கோயிலில் சமைத்து அவர்களுக்குப் பரிமாறினார்கள். நீ யார், எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்கவில்லை. நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். பசித்தவன் கையில் சோற்றை வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வருவாயா என்று கேட்கிறது அன்பல்ல, வியாபாரம். வாங்குகிறவரை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்கிறதும் அவரை வெட்கப்படுத்துகிறதுதான்.

தேவ ஜனமே, நாங்கள் மறுநாள் காலையில் அந்த ஏரிக்கரைக்குத் திரும்பிப் போனோம். இந்தத் தடவை பட்டியலை அந்த அம்மாவையே சொல்லச் சொன்னோம். ஆறு வீடு என்று நினைத்துப் போனோம். அவர்கள் பதினொன்று சொன்னார்கள். கரைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஐந்து வீடு இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டுக் கூட்டங்களில் சிந்திக்க:

1. நம் சபையைச் சுற்றி எந்தத் தெரு எந்தப் பட்டியலிலும் வராது?
2. அந்தத் தெருவிலிருந்து பொறுப்பு எடுக்கக்கூடியவர் யார்? அவரை எப்போதாவது கேட்டிருக்கிறோமா?
3. மாவட்ட அவசர எண் 1077 நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?
4. போன தடவை கொடுத்ததில் விடுபட்டவர் யார்? மறுபடியும் போய்ப் பார்த்தோமா?

விடுபட்ட வீட்டைத் தேடிப் போகிற கால்களைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.