போதைப் பொருள்கள்: வகையும் வினையும்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். எனவே, போதைப் பொருள்களைப் பற்றிய இப்பாடத்தையும் நாள்தோறும் அருந்தும் காப்பியிலிருந்தே தொடங்குவோம்.

நாம் விழித்திருந்து உழைக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது நரம்பணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தும்போது அயர்வு தோன்றுகிறது. காப்பியிலுள்ள காஃபீன் அவ்வேற்பிகளில் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. பூட்டில் வேறொரு சாவி சிக்கிக்கொண்டால் உரிய சாவி நுழைய இயலாதன்றோ? அதுபோல் அயர்வுச் செய்தி தடைப்படுகிறது. களைப்பு நீங்கவில்லை, மறைக்கப்பட்டது, அவ்வளவே.

பொது விதியும் இதுவே. மனத்தை மாற்றும் பொருள் எதுவும் மூளைக்குப் புதிய ஆற்றலைக் கொண்டு வருவதில்லை. அங்கு முன்பே உள்ள செய்திப் பொருள்களைப் போல நடிக்கும், அல்லது அவற்றைத் தடுக்கும், அல்லது மிகுவிக்கும். 1924ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருந்தியல் அறிஞர் லூயி லெவின் இப்பொருள்களை ஐந்து வகையாகப் பிரித்தார். இன்று பெரும்பாலும் வழங்கும் பிரிவுகள் வருமாறு:

1. ஊக்கிகள்: காஃபீன், புகையிலையின் நிகோடின், கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின் ஆகியன. டோபமின் என்னும் செய்திப் பொருள் தன் பணி முடிந்ததும் நரம்பணுவுக்குள் திரும்ப ஈர்க்கப்படும். கொக்கெய்ன் அதனைத் தடுப்பதால் களிப்பு பொங்குகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன.

2. ஒடுக்கிகள்: மதுவும், டயாசிபாம் போன்ற உறக்க மாத்திரைகளும். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் பொருளின் வினையை இவை மிகுவிக்கின்றன.

3. அபினி வகை: மார்ஃபின், ஹெராயின், சில இருமல் மருந்துகளிலுள்ள கொடீன் ஆகியன. இவை வலியைத் தணிக்கும்; மூச்சையும் மந்தமாக்கும். நம் உடலே இத்தகைய வலி தணிக்கும் பொருளைச் சுரக்கிறது என்பதை 1975ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் ஆகியோர் கண்டறிந்து வெளியிட்டனர்.

4. மாயத்தோற்றம் விளைவிப்பன: எல்.எஸ்.டி. போன்றவை. செரோட்டோனின் ஏற்பிகளில் வினைபுரிந்து, காட்சியையும் காலவுணர்வையும் திரித்துவிடும்.

கஞ்சா இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்காது. அது பொருந்தும் ஏற்பிகளுக்கு உரிய உடலின் சொந்தப் பொருள் 1992இல் கண்டறியப்பட்டபோது, ஆனந்தம் என்னும் வடசொல்லையொட்டி அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர்.

சட்டத்தின் பிரிவு வேறு. உடல் அறியும் பிரிவு வேறு. 1985ஆம் ஆண்டின் இந்தியப் போதைப்பொருள் சட்டத்தில் மதுவும் புகையிலையும் இடம்பெறவில்லை. மூளையோ அவ்வேறுபாட்டை அறியாது.

இவ்வகைப்பாட்டைத் தேர்வுக்காக அன்றி, உயிர் காப்பதற்காகவே அறிதல் வேண்டும். மதுவும் உறக்க மாத்திரையும் ஒரே வகையின. இரண்டும் சேர்ந்தால், அல்லது இவற்றுடன் அபினி வகை சேர்ந்தால், மூச்சே நின்றுவிடக்கூடும். ஆதலின் ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை மற்றொருவர் உண்ணலாகாது.

மற்றொன்றும் உண்டு. நாள்தோறும் ஒடுக்கி வந்து சேர்ந்தால், மூளை அதனை ஈடுசெய்யத் தன் விழிப்பைக் கூட்டிக்கொள்கிறது. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கட்டவிழ்ந்த அவ்விழிப்பே நடுக்கமாகவும் வலிப்பாகவும் பிதற்றலாகவும் வெளிப்படும், உயிரையும் பறிக்கலாம். நெடுநாள் உண்ட உறக்க மாத்திரைக்கும் இது பொருந்தும்.

இதனை நாம் காலந்தாழ்ந்தே கற்றோம். மதுவை விலக்கிய குடிப்பிறப்பு என்னும் நாணத்தால், உறவினர் இல்லமொன்றில் ஓர் இளைஞரின் பழக்கத்தை நெடுநாள் மறைத்தனர். பின்னர் ஒருநாள் அவரைச் சூளுரைக்கச் செய்து, அறையில் வைத்துப் பூட்டினர். நாமும் அதற்கு உடன்பட்டோம். மூன்றாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் பிழைத்தெழுந்தார். அவருடைய உறுதியில் குறையில்லை. நம் அறியாமையே குறை. பூட்டிய கதவைவிட மருத்துவரின் மேற்பார்வையே அவருக்குத் தேவையாயிருந்தது.

விலக்குதல் நற்செயல். விலக்கும் முறையை அறிந்து விலக்குதல் அதனினும் நன்று. நம் இல்லத்தில் ஒருவர் தவறியிருப்பின் அவரை மறைக்க வேண்டா; மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

பிள்ளைகளுடன் அமர்ந்து விடை காண்க:

1. காப்பி களைப்பை நீக்குகிறதா, மறைக்கிறதா?
2. மதுவும் உறக்க மாத்திரையும் ஒரே வகையில் அடங்குவது ஏன்?
3. நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்துவது ஏன் ஆபத்தானது?