மென்பொருள் யாருக்குச் சொந்தம்?

நெல்லைக் கொடுத்தால் கொடுத்தவரின் குதிர் குறையும்; பொன்னைக் கொடுத்தால் பெட்டி குறையும். கல்வி மட்டுமே கொடுக்கக் குறையாத செல்வம் என்று நம் முன்னோர் கூறிவந்தனர். கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பாகிய மென்பொருள் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சேர்ந்தது? அது கடையில் விலைக்கு விற்கப்படுகிறது. ஆதலின் நெல்லைப் போன்றது. நொடியில் படியெடுக்கலாம், எடுத்தபின்னும் மூலம் குறையாது. ஆதலின் கல்வியைப் போன்றது. இந்த இரட்டைத் தன்மையால் எழுந்த வழக்கு ஒன்று அமெரிக்க நாட்டில் 1976-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அதன் வரலாற்றையும் அது நமக்குக் கூறும் பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

வீட்டுக்கு வந்த கணிப்பொறி

1970-களின் தொடக்கம் வரை கணிப்பொறி என்பது பெரும் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே வைத்திருந்த இயந்திரம். 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்னும் அமெரிக்க இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்ற சிறு கணிப்பொறி இடம்பெற்றது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திய எம்.ஐ.டி.எஸ். என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது. உறுப்புகளை வாங்கித் தாமே பூட்டிக்கொள்வோர்க்கு அதன் விலை 400 டாலருக்கும் சற்றுக் குறைவு. ஆர்வலர்கள் அஞ்சல் வழியே விரைந்து பணம் அனுப்பினர்.

வாங்கியவர்க்குக் கிடைத்தது யாது? விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முகப்பில் வரிசையாகச் சிறு சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் இருந்தன. நினைவகம் 256 பைட்டுகளே. ஒவ்வொரு கட்டளையையும் ஒன்று, சுழி என்னும் குறிகளாக மாற்றி, சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஏற்ற வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் ஏற்றியது அனைத்தும் அழிந்துவிடும். உடல் இருந்தது, உயிர் இல்லை எனலாம்.

அவ்வுயிரைக் கொடுத்தது 'பேசிக்' மொழி. பில் கேட்ஸ், பால் ஆலன் என்னும் இளைஞர் இருவர், மான்டி டேவிடாஃப் என்பவரின் துணையுடன், ஆல்டேருக்கான பேசிக் மொழிமாற்றியை எழுதினர். எம்.ஐ.டி.எஸ். அதைத் துளையிட்ட காகித நாடாவில் பதித்து விற்றது. கூடுதல் நினைவகமும் தட்டச்சுக் கருவியும் இணைத்துக்கொண்டவர்கள், எளிய ஆங்கிலச் சொற்களைக் கொண்டே கணிப்பொறியை இயக்க முடிந்தது.

கடிதமும் கருத்து வேறுபாடும்

1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் ஊரில், கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் ஆர்வலர் சிலர் கூடி 'ஹோம்ப்ரூ கணிப்பொறிக் கழகம்' தொடங்கினர். அங்கே மறைப்பு என்பதே இல்லை. ஒருவர் கண்டறிந்ததை மற்றவர்க்குச் சொன்னார்; சுற்றுப் படங்களையும் நிரல்களையும் கைமாற்றிக்கொண்டனர். அவ்வழக்கப்படியே பேசிக் நாடாவும் படியெடுக்கப்பட்டுப் பலர் கைக்குச் சென்றது.

இதையறிந்த கேட்ஸ் 1976 பிப்ரவரி 3-ஆம் நாளிட்டு ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் உரிமையாளருள் பேசிக்கை விலை கொடுத்து வாங்கியோர் பத்து விழுக்காட்டிற்கும் குறைவு என்றார். தம் குழுவினர்க்குக் கிடைத்த வருவாயை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறாது என்றார். வன்பொருளுக்குக் காசு கொடுப்பவர்கள் மென்பொருளை மட்டும் இலவசமாக எடுத்துக்கொள்வது திருட்டே என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. நிரல் எழுதுவது உழைப்பு. பிழை திருத்துவதும் விளக்கநூல் எழுதுவதும் உழைப்பே. கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால் அதற்குக் கூலி வேண்டாம் என்பது அறமாகாது.

எனினும் மறுபக்கமும் நோக்கத்தக்கது. பேசிக் மொழியைக் கேட்ஸ் படைக்கவில்லை. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர்களான கெமனி, கர்ட்ஸ் ஆகிய இருவர் 1964-இல் மாணவர் நலன் கருதி உருவாக்கி, உலகோர் தடையின்றிப் பயன்படுத்த விட்ட மொழி அது. ஆல்டேருக்கான வடிவமும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறியைக் கொண்டே எழுதப்பட்டது. பிறர் திறந்துவைத்த கிணற்றில் நீர் இறைத்தவர் தம் குடத்திற்கு விலை கேட்கலாம். கிணறே தமது என்று சொல்ல இயலாது.

வழக்குக்குக் கிடைத்த மூன்று விடைகள்

முதல் விடை நியாய விலை. டாம் பிட்மன் என்பவர் 1976-இல் 'டைனி பேசிக்' என்ற சிறு மொழிமாற்றியை எழுதி ஐந்து டாலருக்கு விற்றார். விலை கைக்கு எட்டுவதாயின் ஆர்வலர்கள் பணம் கொடுத்தே வாங்குவர் என்பதை அவர் காட்டினார்.

இரண்டாம் விடை சட்டம். அமெரிக்கா 1980-இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தில் கணிப்பொறி நிரல்களைத் தெளிவாகச் சேர்த்தது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, நிரல்கள் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைக்கப்பட்டன. கதை எழுதியவர்க்கு உள்ள பாதுகாப்பு நிரல் எழுதியவர்க்கும் கிடைத்தது.

மூன்றாம் விடை மனமுவந்த கொடை. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். நிரலை இயக்கவும், அதன் மூலத்தைப் படித்தறியவும், திருத்தவும், பிறர்க்கு அளிக்கவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கே படியெடுத்தல் திருட்டன்று. எழுதியவரே விரும்பி அளித்த உரிமை. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் பின்னர் இவ்வழியிலேயே வெளியிடப்பட்டது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமாக இருப்பது லினக்ஸே.

மேற்கண்ட மடலை எழுதிய கேட்ஸ், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2025 ஏப்ரலில் அந்தப் பழைய ஆல்டேர் பேசிக்கின் மூல நிரலை எல்லோரும் காணும்படி வெளியிட்டார். விற்பனைப் பொருளாக வாழ்ந்தது, இறுதியில் பாடப்பொருள் ஆயிற்று.

நமக்குரிய பாடம்

தமிழக அரசு 2011-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், கணிப்பொறி நம் சிற்றூர் வீடுகளுக்கும் வந்தது. பெட்டி வந்ததும் மென்பொருள் தேவைப்படும். அப்போது நம்முள் பலர் செய்வது என்ன? திருட்டுப் படியைத் தேடுகிறோம். விலை கொடுக்க வசதியில்லை என்பது காரணம், அக்காரணம் பொய்யன்று. ஆயினும் வசதியின்மை பிறர் உழைப்பை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தராது. மேலும், திருட்டுப் படிகளில் நச்சு நிரல் ஒளிந்து வருவதும் உண்டு. காசு மிச்சம் என்று எண்ணியவர் கோப்புகளை இழக்கிறார்.

வறிய மாணவர்க்கு நேர்மையான வழி இல்லாமல் இல்லை. எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் லிப்ரே ஆஃபீஸ் உண்டு. படம் திருத்த கிம்ப் உண்டு. நிரல் எழுதப் பைத்தான் மொழி உண்டு. இவை காசின்றிக் கிடைப்பது ஒரு நன்மை. இவற்றின் மூலத்தைத் திறந்து பார்த்துக் கற்கலாம் என்பது அதனினும் பெரிய நன்மை. திருடிய மென்பொருளால் நாம் பயனராக மட்டுமே இருக்க முடியும்; திறந்த மென்பொருளால் படைப்பாளராகவும் ஆகலாம்.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இது: எழுதியவர் விற்றால் மென்பொருள் நெல், விலை கொடுத்தே பெறுக. எழுதியவர் பகிர்ந்தால் அது கல்வி. கற்று, நம்மால் இயன்றதைச் சேர்த்து, அடுத்தவர்க்குக் கொடுப்போமாக. எது நெல், எது கல்வி என்று தீர்மானிக்கும் உரிமை உழைத்தவர்க்கே உரியது. அவ்வுரிமையை மதிப்பதே கணிப்பொறிக் கல்வியின் முதற்பாடம்.