கணினி அறைக்கு ஏற்ற தீயணைப்பு வாயு

சங்கக் கணக்குகள் கணினியில் அடங்கியுள்ள அறையில் தீப்பற்றின், நீரும் பொடியும் கருவிகளைப் பாழாக்கும். ஆகவே படிவு விடாத வாயுவே ஏற்றது. அதில் எதைத் தேர்வது?

கரியமில வாயு தீயை அணைக்கும் அளவில் மனிதரையும் கொல்லும். ஆட்கள் பணிபுரியும் அறைக்கு ஆகாது. ஹாலன் 1301 ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எச்.எஃப்.சி.-227இ.ஏ. ஓசோனைக் கெடுக்காது, எனினும் கரியமில வாயுவினும் 3,000 மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கும். நைட்ரஜன் 52, ஆர்கான் 40, கரியமில வாயு 8 விழுக்காடு கலந்த ஐ.ஜி.-541 இவ்விரு தீங்கும் அற்றது. ஆயின் உருளைகளுக்கு மிகுந்த இடமும், அழுத்தம் தணிக்கும் திறப்பும் வேண்டும்.

எவ்வாயுவாயினும் சுமார் 10 நிமிடம் அறையில் தங்காவிடில் தீ மீண்டும் மூளக்கூடும். ஆதலின் வாங்குமுன் கதவிடுக்கு, கம்பித் துளைகளை அடைத்து அறையைச் சோதித்தல் நிர்வாகிகளின் முதற்கடமையாகும்.