14416: முகம் தெரியாமல் ஒரு பேச்சு

நேரில் வருபவரின் கண்ணையும் கையையும் பார்த்தே மனநல ஆலோசகர் பாதி விஷயத்தைப் புரிந்துகொள்வார். 2010 வாக்கில் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு புதுக்கோட்டை கிராமங்களுக்கு அனுப்பிய பேருந்தில், திரையிலாவது முகம் தெரிந்தது. மாத்திரையும் அங்கேயே கிடைத்தது. 2022 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'நட்புடன் உங்களோடு' மனநல சேவையில் (14416, 24 மணி நேரமும், கட்டணமில்லை) பெரும்பாலும் குரல்தான்.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வரும் பெண், ஒற்றை அறை வீட்டில் என்ன பேச முடியும்? பக்கத்தில் மாமியார் இருந்தால் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் வரும். அதை நம்புவதா வேண்டாமா என்பதே ஆலோசகரின் திண்டாட்டம். கண்மாய்க் கரையோ மொட்டை மாடியோ, தனியாகப் போய்ப் பேசுங்க. எந்த ஊர் என்பதை முதல்லயே சொல்லிடுங்க; லைன் துண்டித்துப் போகலாம். சாகணும்னு தோணினால் அதையும் சுற்றி வளைக்காம சொல்லுங்க. நீங்க அழுவது அவருக்குத் தெரியாது.