கஞ்சிப்பாசி: கிண்ணத்தில் உறையும் கடல்

நோன்பு மாதத்தில் நண்பர் வீட்டில் இளநீர் கடல்பாசி சாப்பிட்டிருக்கீங்களா? வாயில் வைத்ததுமே வழுக்கிக்கொண்டு போகுமே, அதேதான்! மளிகைக் கடையில் வெள்ளை நூல் கட்டாகவோ பொடியாகவோ கிடைக்கும். பார்க்க வெள்ளை, ஆனால் பிறந்தது சிவப்புப் பாசியில்.

நம்ம ராமநாதபுரம் கடலோரத்தில் வளரும் கஞ்சிப்பாசியும் அந்தக் குடும்பம்தான். அறிவியல் பெயர் கிராசிலேரியா எடுலிஸ். லத்தீன் மொழியில் 'எடுலிஸ்' என்றால் உண்ணத்தக்கது. கடலோர மக்கள் இதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்த வழக்கம் பல தலைமுறைப் பழசு.

ஏன் சிவப்பு?

இலைகளில் இருக்கும் பச்சையம் இதிலும் உண்டு. கூடவே ஃபைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமியும் இருக்கிறது. கடல்நீர் சிவப்பு ஒளியைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும்; நீலமும் பச்சையும்தான் ஆழம் வரை போகும். அந்த ஒளியைப் பிடித்து உணவு தயாரிக்க இந்த நிறமி உதவுகிறது. வெயில் படும் இடத்தில் வளர்ந்தால் இதே பாசி பழுப்பாகவோ பச்சையாகவோகூடத் தெரியும்.

இதற்கு வேர் கிடையாது. அடியில் உள்ள பற்றுறுப்பு பாறையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. சத்துகளை உடல் முழுவதாலும் உறிஞ்சும். இனப்பெருக்கமும் விசித்திரமானது. ஆண் செல்லுக்கு நீந்த வால் இல்லை. நீரோட்டம் போகும் போக்கில்தான் பெண் பாசியை அடைய வேண்டும். கருவுற்றதும் பெண் பாசியின் மேல் சின்னச் சின்ன மொட்டுகள் புடைக்கும். அதிலிருந்து வரும் வித்துகள் தனிப் பாசியாக வளரும். அந்தப் பாசி விடும் வித்துகளிலிருந்துதான் மறுபடியும் ஆண், பெண் பாசிகள் முளைக்கும்.

உறைவது எப்படி?

அலை அடிக்கும்போது ஒடியாமல் வளைந்து கொடுக்க, பாசியின் செல்சுவரில் அகர் என்ற பொருள் இருக்கிறது. காலக்டோஸ் என்ற சர்க்கரை நீண்ட சங்கிலியாகக் கோத்ததுதான் அகர். கொதிநீரில் சங்கிலிகள் பிரிந்து கரையும். சுமார் 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு வலை பின்னும். அந்த வலைக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. அதுதான் உங்கள் கிண்ணத்தில் தளதளவென்று நிற்கிறது.

ஒருமுறை உறைந்தால் திரும்ப உருக சுமார் 85 டிகிரி சூடு வேண்டும். அதனால் சித்திரை வெயிலிலும் கடல்பாசி உருகாது. விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உருகிவிடும். 1881-ல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண் தன் சமையலறை அனுபவத்தில் இந்த யோசனையைச் சொன்னார். இன்று மருத்துவமனை ஆய்வகங்களில் கிருமிகளை வளர்க்கும் தட்டுகளில் இருப்பது அதே அகர்தான்.

ஒரு சமையல் குறிப்பு: எலுமிச்சைச் சாறு சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். புளிப்போடு கொதித்தால் அகர் சங்கிலி அறுந்து, சரியாக உறையாது.

உடம்புக்கு நல்லதா?

அகரைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. அதனால் அது நார்ச்சத்தாகவே போகிறது. கலோரி மிகக் குறைவு. ஆனால் நீங்கள் போடும் சர்க்கரைக்கும் பாலுக்கும் கணக்கு உண்டு! முழுப் பாசியில் அயோடின் இருப்பதால், தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளிப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. ஜப்பானில் பதப்படுத்தாத கிராசிலேரியாவைச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

எடுப்பவர்களின் கதை

மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்கி எடுக்கிறார்கள். பாறையில் கை கிழிவதெல்லாம் அன்றாடம். 1986-ல் இங்கே 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. பவளப்பாறையைக் காக்க அந்தப் பகுதிக்குள் பாசி எடுக்கத் தடை உள்ளது. பிழைப்பும் வேண்டும், கடலும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது இந்தப் பெண்கள்தான். மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களுக்காகப் பேசிய பாம்பன் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்தது.

பாசியின் உயிரியலும் இங்கே கைகொடுக்கிறது. நுனியை மட்டும் வெட்டி, பற்றுறுப்பை விட்டுவைத்தால் மறுபடி வளரும். வெட்டிய துண்டைக் கயிற்றில் கட்டினாலும் வளரும். வளர்ப்புக்கு அடிப்படையே இதுதான். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

உங்கள் கைபேசியில்

1. பாக்கெட் வாங்கும்போது 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பாருங்கள். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அதைச் சரிபார்க்கலாம், புகாரும் தரலாம்.
2. 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் கடல்பாசிச் செய்தியை அப்படியே அனுப்பிவிடாதீங்க.
3. கடலோரத்தில் இருக்கிறீர்களா? பாசி வளர்ப்புப் பயிற்சி, மானியம் பற்றி உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்த முறை கடல்பாசிக் கிண்ணம் கைக்கு வரும்போது, அதை மூச்சடக்கி எடுத்து வந்தவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.