பேரப்பிள்ளையைப் பார்க்கும் அறையில் ஏன் இரண்டு மருத்துவர்கள்?

பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல். பலதுறை மருந்தகத்தில் ஓர் இளம் மருத்துவர் பரிசோதிக்கிறார். பிறகு மூத்த மருத்துவர் வந்து, "இது என்னவாக இருக்கும்? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று அவரிடம் கேட்கிறார். டாக்டருக்கே தெரியவில்லையோ என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். கவலை வேண்டாம். அங்கே ஒரு பாடம் நடக்கிறது.

நன்றாக வைத்தியம் பார்ப்பவர் எல்லாருக்கும் நன்றாகக் கற்றுக்கொடுக்க வந்துவிடாது. அதனால் கற்பிக்கும் மருத்துவர்களுக்கும் பயிற்சி உண்டு. பல நாடுகளில் சொல்லித் தரப்படும் ஒரு முறை, 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. முதலில் பயிற்சி மருத்துவரையே முடிவு சொல்ல வைக்க வேண்டும். காரணம் கேட்க வேண்டும். பிறகு பொதுவான விதி ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, சரியாகச் செய்ததைப் பாராட்டி, தவறைத் திருத்த வேண்டும். மூத்தவரே விடையைச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். இளையவர் தனியாக இருக்கும் நாளில் தடுமாறுவார்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆறு வாரக் குழந்தைக்கு 38.2 டிகிரி காய்ச்சல். "சளிக் காய்ச்சல்தான். பால் குடிக்கிறது, முகமும் தெளிவாக இருக்கிறது" என்கிறார் இளையவர். பால் குடிப்பதைக் கேட்டறிந்தது நல்லது என்று மூத்தவர் பாராட்டுகிறார். ஆனால் மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று திருத்துகிறார். இரத்தத்திலோ சிறுநீரிலோ கிருமி இருக்கலாம். அந்த வயதில் அது வெளியே தெரியாமல் போகலாம். இந்த விதி உங்களுக்கும் பொருந்தும். வீட்டில் மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

குழந்தையால் சொல்ல முடியாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பராமரிப்பவர் பேச்சைக் கேட்பதும் இந்தப் பயிற்சியில் ஒரு பகுதி. காய்ச்சல் எப்போது தொடங்கியது, எத்தனை முறை பால் குடித்தது, எத்தனை டயப்பர் நனைந்தது என்று சொல்லுங்கள். ஓமத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் தைலம் தேய்த்திருந்தாலும் மறைக்காதீர்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். "உடம்பு சூடு" என்று மட்டும் சொன்னால், காய்ச்சலா, சாப்பாட்டால் வந்த சூடா என்ற குழப்பம் மொழிபெயர்ப்பில் அடிக்கடி வரும். வெப்பமானி காட்டிய எண்ணைச் சொல்லுங்கள். தமிழில் பேசுவதுதான் வசதி என்றால், தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று தாதியிடம் கேளுங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள்.

பயிற்சி மருத்துவர் உடன் இருப்பது வேண்டாம் என்றால், உள்ளே போகும்முன் தாதியிடம் சொல்லலாம். அதனால் குழந்தையின் சிகிச்சை குறையாது.