எகிப்தின் கல்லறைத் தொழிலாளர்கள்



பண்டைய எகிப்து என்றதும் பிரமிடுகளும் பாடம் செய்யப்பட்ட அரசர் உடல்களும் பொன் முகமூடிகளும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் நீடித்த ஒரு சமூகத்தின் வாழ்வை, அரசர்கள் தம் புகழுக்காகக் கல்லில் பொறித்தவற்றை மட்டும் கொண்டு அறிந்துவிட இயலாது. உழைத்தவர்கள் எதை உண்டார்கள், கூலியை எவ்வாறு பெற்றார்கள், கூலி கிடைக்காதபோது என்ன செய்தார்கள் என்பவை தெரிந்தால்தான் அச்சமூகத்தின் அமைப்பும் அதைத் தாங்கிநின்ற அறமும் விளங்கும். இவற்றை எழுத்துச் சான்றுகளோடு காட்டும் ஓர் ஊர் எகிப்தில் உண்டு.

டெய்ர் எல்-மெதினா என்று இன்று வழங்கும் அவ்வூர், பண்டைய தீப்ஸ் நகரம் இருந்த லக்சருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், குன்றுகளுக்கு இடைப்பட்ட வறண்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது. ‘புதிய பேரரசு’ எனப்படும் காலத்தில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1550 முதல் 1070 வரை, எகிப்திய அரசர்கள் பிரமிடு கட்டும் வழக்கத்தை விட்டு, அரசர் பள்ளத்தாக்கின் பாறைகளைக் குடைந்து தம் கல்லறைகளை அமைத்துக்கொண்டனர். பாறையைக் குடையும் கல்தச்சர்களையும், அதன் சுவர்களில் சிற்பமும் ஓவியமும் படைத்த கலைஞர்களையும் குடும்பத்தோடு குடியமர்த்துவதற்காக அரசே உருவாக்கிய குடியிருப்புதான் இவ்வூர். அதன் இறுதிக் கட்டத்தில் மதிலுக்குள் ஏறத்தாழ 70 வீடுகள் இருந்தன.

தொழிலாளர்கள் வல அணி, இட அணி என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர் இருந்தார். வருகையையும் வேலையின் வளர்ச்சியையும் எழுத்தர் குறித்து வைத்தார். எகிப்தியரின் வாரம் 10 நாள்களைக் கொண்டது என்பதால், எட்டு நாள்கள் வேலை செய்து, இரவில் மலைமுகட்டுக் குடிசைகளில் தங்கி, எஞ்சிய இரு நாள்களுக்கு அவர்கள் ஊர் திரும்பினர். நாணயம் வழக்கில் இல்லாத அக்காலத்தில் கூலி தானியமாகவே அளக்கப்பட்டது. சாதாரணத் தொழிலாளி ஒருவருக்கு மாதந்தோறும் நான்கு மூட்டை கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும் உரியவை. ஒரு மூட்டை ஏறத்தாழ 76 லிட்டர் கொள்ளும். கோதுமை ரொட்டியாயிற்று, பார்லி அன்றாடப் பானமாகிய பீராயிற்று. ஊரில் கிணறு இல்லாமையால் தண்ணீரும், அதனோடு மீன், காய்கறி, விறகு ஆகியவையும் வெளியிலிருந்தே வந்தன. ஆகவே அரசின் களஞ்சியம் தவறினால் அவ்வூருக்கு வேறு புகல் இல்லை.

இவ்வளவும் இன்று தெரியக் காரணம் அம்மக்கள் விட்டுச்சென்ற ஓட்டுச்சில்லுகளே. ஒருவகைக் கோரையிலிருந்து செய்யப்பட்ட பாப்பிரஸ் தாளுக்கு மாற்றாக, உடைந்த பானை ஓடுகளிலும் சுண்ணாம்புக்கல் செதில்களிலும் அவர்கள் கணக்கையும் கடிதத்தையும் வழக்கையும் எழுதினர். 1922 முதல் 1951 வரை பெர்னார் புருயேர் தலைமையில் நடந்த அகழாய்வில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன. யாரோஸ்லாவ் செர்னி என்னும் அறிஞர் அவற்றைப் படித்து விளக்குவதில் வாழ்நாளைச் செலவிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு கற்செதிலில், இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டில் வேலைக்கு வராதவர்களின் பெயர்கள் காரணத்தோடு உள்ளன: ஒருவருக்குக் கண்நோய், மற்றொருவரைத் தேள் கொட்டியது, இன்னொருவர் பீர் காய்ச்சினார். ஐந்தாம் ராம்சேசின் காலத்தில் நவுனக்தே என்னும் மூதாட்டி, தம்மை முதுமையில் பேணாத பிள்ளைகளுக்குத் தம் சொத்தில் பங்கில்லை என்று ஊர் மன்றத்தின் முன் உயில் எழுதிவைத்தார். பெண்கள் தம் பெயரில் சொத்து வைத்திருந்ததையும், அதைத் தம் விருப்பப்படி பிரித்தளிக்க முடிந்ததையும் அந்த உயில் உறுதிப்படுத்துகிறது.

அரசுக்கும் உழைப்பவருக்கும் இருந்த உறவைத் துல்லியமாகக் காட்டும் சான்று, இத்தாலியின் துரின் நகர அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பாப்பிரஸ் ஆவணமாகும். மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், 18 நாள்கள் கடந்தும் கூலி வராமையால் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டிச் சென்று ஒரு கோயிலின் பின்புறம் அமர்ந்தனர். அடுத்த நாள்களில் இரண்டாம் ராம்சேசின் நினைவுக் கோயிலுக்கும் சென்று, பசியும் தாகமுமே தங்களை அங்கு கொண்டுவந்தன என்றும், உடுக்கத் துணியும் பூச எண்ணெயும் உண்ண மீனும் காய்கறியும் இல்லை என்றும், இதனை அரசருக்கு எழுதுமாறும் அவர்கள் கேட்டனர். அதன்பின் முந்தைய மாதக் கூலி அளக்கப்பட்டது. வரலாற்றில் பதிவாகியுள்ள மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுவே. அதே ஆண்டில் மீண்டும் வேலையை நிறுத்தியபோது, பசிக்காக மட்டும் வரவில்லை, அரசருக்குரிய இவ்விடத்தில் முறைகேடு நடந்துள்ளது என்றும் அவர்கள் குற்றஞ்சாட்டினர்.

எகிப்தியர் மாஅத் என்று போற்றிய அறநெறி உண்மை, நீதி, உலக ஒழுங்கு ஆகிய மூன்றையும் அடக்கியது. அதனைக் காப்பதே அரசனின் முதற்கடமை என்பது அவர்களின் நம்பிக்கை. தொழிலாளர்கள் அரசனை எதிர்க்கவில்லை. அரசன் ஏற்ற கடமையையே நினைவூட்டினர். அக்கடமையை நிறைவேற்றும் வலிமை அரசுக்குப் படிப்படியாகக் குறைந்தது. பின்வந்த ராம்சேஸ் அரசர்களின் காலத்தில் கூலி மீண்டும் மீண்டும் தாமதமாயிற்று, அரசர் கல்லறைகள் கொள்ளையிடப்பட்டன, அவர்களின் 20ஆம் அரச மரபின் முடிவில் அவ்வூரும் கைவிடப்பட்டது. நிலைத்த பேரரசு என்று கல்வெட்டுகள் முழங்கிக்கொண்டிருந்தபோதே அதன் தளர்ச்சி ஓட்டுச்சில்லுகளில் பதிவாகிவிட்டது. எனவே எந்நாட்டு நினைவுச்சின்னத்தைப் பற்றிப் படித்தாலும், அதைக் கட்டியவருக்குரிய கூலி எக்களஞ்சியத்திலிருந்து வந்தது, உரிய நாளில் வந்ததா என்று கேட்கும் பழக்கத்தை இளம் வயதிலேயே கைக்கொள்ளுங்கள். ஓர் அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளாத செய்திகளை அந்தக் கேள்வி வெளிக்கொணரும்.